வீட்டுக்கு மண் பார்ப்பது எப்படி? நிலம் வாங்கும் முன்பும் அடித்தளம் போடும் முன்பும் அறிய வேண்டியவை

தெலுக் இந்தான் போகிறவர்கள் அங்குள்ள சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1885இல் கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தின் உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி போலத் தெரியும். உள்ளே இருப்பது மூன்று மாடிதான். ஊர் மக்களின் குடிநீருக்காக அதில் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். கீழே மண் மென்மையாக இருந்தது. மேலே தண்ணீரின் கனம் ஏறியது. கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

இன்று அது சுற்றுலாத் தலம். ஆனால், நம் வீடு சாய்ந்தால் படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். வங்கிக் கடன் மட்டும் மாதந்தோறும் வரும்.

தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்தவர்கள், ஓய்வு பெறும்போது வரும் இ.பி.எப். பணத்தை நம்பித்தான் ஒரு மனை வாங்குகிறார்கள். பட்டணத்தில் உள்ளவர்கள் பழைய தாமான் வீட்டை வாங்கிப் பின்பக்கம் சமையலறையை நீட்டுகிறார்கள். இருவருமே சாலை வசதி, பள்ளி, விலை, வாசல் திசை எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். மண்ணை மட்டும் விசாரிப்பதில்லை. சுவர் பிளந்த பிறகு விசாரித்தால் செலவு பல மடங்கு.

இறங்குவதல்ல, ஒரு பக்கம் இறங்குவதே ஆபத்து

எந்தக் கட்டடமும் கட்டிய பிறகு சிறிதளவு மண்ணில் இறங்கத்தான் செய்யும். முழு வீடும் ஒரே சீராக ஓர் அங்குலம் இறங்கினால் பெரிய பாதிப்பு இல்லை. ஒரு மூலை ஓர் அங்குலம் இறங்கி, மறுமூலை அசையாமல் நின்றால்தான் தொல்லை. செங்கல் சுவர் வளையாது, பிளக்கும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே போகும் வெடிப்பு, படிக்கட்டு போல செங்கல் இணைப்பு வழியே ஏறும் வெடிப்பு, திடீரென மூட மறுக்கும் கதவு ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அடியில் என்ன மண் இருக்கிறது? வீட்டின் நான்கு மூலைக்கும் அடியில் அது ஒரே மாதிரி இருக்கிறதா?

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமும் இதே கேள்வியைச் சந்தித்தது. முதலில் குறித்த இடத்தில் அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறை சரிவாக இருந்தது. அங்கேயே கட்டியிருந்தால் ஒரு பகுதி பாறை மீதும் மறுபகுதி மண் மீதும் நின்றிருக்கும். அதனால் கோபுரங்களின் இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அடித்தளத் தூண்களில் சில 100 மீட்டருக்கும் அதிக ஆழம் இறங்கின. 88 மாடிக்கு உள்ள விதிதான் நம் ஒரு மாடி வீட்டுக்கும்: பாதி கெட்டி, பாதி இளக்கம் என்ற நிலத்தில் ஒரே கட்டடத்தை வைக்கக் கூடாது.

“எங்கள் லயம் இதே மண்ணில்தான் அறுபது வருடம் நின்றது” என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பழைய லயத்து வீடு பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டது. கனம் குறைவு; மரம் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். காங்கிரீட் உத்திரமும் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட வீட்டின் கனம் அதைவிடப் பல மடங்கு. லயம் நின்றது என்பது கல்வீடு நிற்கும் என்பதற்குச் சான்றாகாது.

நம் நாட்டில் காணப்படும் நிலங்கள்

*செம்மண் மேடு:* ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட மேட்டு நிலங்களில்தான் அமைந்தன. பாறை சிதைந்து உருவான இந்த மண் வெட்டப்படாத நிலையில் சாதாரண வீட்டுக்கு நல்லது. ஆனால் மேடுகளுக்கு இடையில் உள்ள பள்ளத்தில் கறுத்த, இளகிய மண் தங்கியிருக்கும். ஒரே தோட்டத்தில் இருநூறு அடி தள்ளினாலே மண் மாறிவிடும். பழைய மரங்களின் அடிக்கட்டையையும் வேரையும் முழுமையாகத் தோண்டி எடுக்க வேண்டும். எடுக்காமல் மூடினால் அவை மக்கி, அடியில் வெற்றிடம் உண்டாகும்.

*கரையோரக் களிமண்:* கிள்ளான், கோலக் கிள்ளான், பட்டர்வொர்த், மூவார் போன்ற மேற்குக் கரையோரப் பகுதிகளில் கடல் களிமண் ஆழமாகக் கிடக்கிறது. மேலே நடக்கும்போது கெட்டியாகத் தோன்றும்; அது வெயிலில் காய்ந்த மேலோடு மட்டுமே. அதற்குக் கீழே உள்ள களிமண் கனம் ஏறினால் தண்ணீரை மெதுவாக வெளியேற்றியபடி பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

*கரிமண்:* சதுப்புக் காட்டு மரஞ்செடிகள் மக்கி உருவான கறுப்பு மண் இது. சரவாக்கிலும், சிலாங்கூர், ஜொகூர் கரையோரங்களிலும் உண்டு. தண்ணீரை வடித்தால் சுருங்கும், காய்ந்தால் தீப்பிடிக்கும். சிபு நகரில் பைல் மீது நிற்கும் வீடு அப்படியே இருக்க, சுற்றியுள்ள தரை மட்டும் இறங்கி, வாசல் படிக்கும் தரைக்கும் இடையே இடைவெளி விழுவதைக் காணலாம்.

*ஈயக்குட்டை நிலம்:* கிந்தா பள்ளத்தாக்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஈயம் எடுத்த குட்டைகளை மூடி எத்தனையோ தாமான்கள் எழுந்துள்ளன. பண்டார் சன்வே பழைய ஈய நிலத்தில் எழுந்த நகரம்தான். முறையாகச் செய்தால் கட்ட முடியும். ஆனால் குட்டையில் ஓரிடத்தில் மணலும், அடுத்த இடத்தில் கழுவி விட்ட மெல்லிய சேறும் கிடக்கும். ஒரே வீட்டுக்கு அடியில் இரண்டும் அமைவதுண்டு.

*சுண்ணாம்புப் பாறை:* பத்துமலை, ஈப்போவில் வெளியே தெரியும் இந்தப் பாறை, கோலாலம்பூரின் பல பகுதிகளில் தரைக்கு அடியிலும் இருக்கிறது. தண்ணீர் அதைக் கரைத்து, உள்ளே குகையையும் பள்ளத்தையும் உண்டாக்கும். மேலே உள்ள மண் அந்த ஓட்டைக்குள் இறங்கும்போது தரை திடீரென உள்வாங்கிவிடும். இத்தகைய நிலத்தில் முழுமையான பரிசோதனை இல்லாமல் கனமான கட்டடம் எழுப்பக் கூடாது.

*வெட்டி நிரப்பிய மனை:* இன்று அதிகம் விற்கப்படுவது இதுதான். மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்கிறார்கள். பார்வைக்கு மேசை போல இருக்கும். ஆனால் மனையின் பாதி காலங்காலமாக இறுகிய மண். மறுபாதி போன வருடம் லாரியில் வந்த மண். நிரப்பும் மண்ணை ஓரடிக்கு மிகாத அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் உருளை இயந்திரத்தால் இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டியிருந்தால் வீடு நிச்சயம் பிளக்கும்.

மலைச்சரிவில் வீடு

1993 டிசம்பர் 11ஆம் தேதி, உலு கிளாங் பகுதியில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவு, பல நாள் மழைக்குப் பின் இடிந்து வந்தது. தண்ணீர் வடிந்து போக முறையான வழி இல்லாததும், தடுப்புச் சுவர்கள் தாங்காததும் முக்கியக் காரணங்களாக இருந்தன. அந்தக் கட்டடத்தின் பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கில், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு நகராண்மைக் கழகத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, அனுமதி கொடுத்த அலுவலகம் நட்டத்தையும் ஏற்கும் என்று நம்பியிருக்க முடியாது.

சரிவு நிலத்தைத் திட்ட அதிகாரிகள் நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள்: 15 பாகைக்குக் கீழ், 15 முதல் 25, 25 முதல் 35, 35க்கு மேல். கண்ணால் மதிப்பிட ஒரு வழி உண்டு. தரைமட்டமாக 10 அடி போகும்போது நிலம் ஏறக்குறைய ஐந்தடி உயர்ந்தால் அது 25 பாகை. ஏழடி உயர்ந்தால் 35 பாகை. ஐந்தடிக்கு மேல் உயரும் நிலம் என்றால் புவித்தொழில்நுட்பப் பொறியாளர் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

உங்கள் மனை சமதரையாக இருந்தாலும், பின்னால் இருக்கும் சரிவு யாருடையது, அதன் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தடுப்புச் சுவரில் உள்ள நீர்க்கசிவுத் துளைகளைச் சிமெண்டு பூசி அடைப்பது பெரிய தவறு. அடைபட்ட தண்ணீர் சுவரைத் தள்ளும்.

காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை

நல்ல மழை பெய்த மறுநாள் மனையைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுச் சுவர்களையும் லோங்காங் ஓரங்களையும் கவனியுங்கள். கார் நிறுத்துமிடம் தாழ்ந்திருக்கிறதா? வேலித் தூணும் மின்கம்பமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? மலைச்சரிவில் மரத்தின் அடி வளைந்து நிற்கிறதா? இவை மண் நகர்வதைக் காட்டும்.

ஊர்ப் பெயரும் துப்பு தரும். மலாய் மொழியில் பாயா என்றால் சதுப்பு நிலம். குபாங் என்றால் சேற்றுக் குழி. லோம்போங் என்றால் சுரங்கம். தாசேக் என்றால் ஏரி. பெயரில் இவை இருந்தால் கூடுதலாக விசாரியுங்கள். அந்தப் பக்கம் வேலை செய்த பழைய கங்காணி, மண்டோர், வயதான பாட்டிமாரிடம் “முன்பு இங்கே என்ன இருந்தது?” என்று கேளுங்கள். குட்டை இருந்ததா, எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

நம் மனையடி சாஸ்திரத்திலும் ஒரு சோதனை உண்டு. குழி தோண்டி, எடுத்த மண்ணை மீண்டும் அதே குழியில் போட வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல மனை, சரியாக நிரம்பினால் நடுத்தரம், குறைந்தால் ஆகாது. இதில் அறிவு இருக்கிறது. இறுகிய மண்ணைத் தோண்டினால் அது பொலபொலத்துப் பெருகும். இளகிய மண் பெருகாது. ஆனால் அந்தக் குழி சொல்வது மேலே இரண்டு, மூன்று அடியின் கதையை மட்டுமே. இருபது அடி ஆழத்தில் சேறு இருந்தால் அது சொல்லாது.

மண் பரிசோதனை

ஆழத்தை அறிய இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன.

சிறிய வீடுகளுக்கு மெக்கிண்டோஷ் சோதனை செய்வார்கள். கூம்பு முனை கொண்ட கம்பியை 5 கிலோ சுத்தியலால் 280 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து அடித்து இறக்குவார்கள். ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை 400ஐத் தொட்டாலோ ஆழம் 15 மீட்டரை எட்டினாலோ நிறுத்திவிடுவார்கள். இது எளிது, செலவும் குறைவு. ஆனால் கம்பி நடுவில் ஒரு கல்லில் முட்டினால் அதையே கெட்டித் தரை என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. ஆகவே ஒரே இடத்தில் குத்தினால் போதாது. வீடு அமையும் நான்கு மூலைகளிலும் நடுவிலும் செய்யச் சொல்லுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறினால் எச்சரிக்கை தேவை.

மாடி வீடு, மண்டபம், சந்தேகமான நிலம் என்றால் துளையிட்டுச் செய்யும் எஸ்.பி.டி. சோதனை வேண்டும். 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, கருவி 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவார்கள். களிமண்ணில் அந்த எண் 4க்குக் கீழே இருந்தால் மென்மையான மண். 30ஐத் தாண்டினால் மிகக் கெட்டி. மண் மாதிரியையும் எடுத்துப் பார்ப்பார்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மண்ணுக்கு எந்த அடித்தளம்?

மேல்மண்ணுக்குக் கீழேயே உறுதியான மண் கிடைத்தால், ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனியாகக் காங்கிரீட் பாதம் போதும். குத்தகையாளர்கள் பூட்டிங் என்று சொல்வது இதைத்தான். எல்லாப் பாதங்களையும் தரை உத்திரத்தால் இணைக்க வேண்டும். வானம் தோண்டிய குழியில் மழைநீர் தேங்க விடக் கூடாது. ஊறிய மண்ணை வழித்து எடுத்துவிட்டு, மெல்லிய காங்கிரீட் தளம் போட்ட பிறகே கம்பி கட்ட வேண்டும்.

மண் கொஞ்சம் பலவீனம், ஆனால் எங்கும் ஒரே சீர் என்றால், வீடு முழுவதற்கும் பாய் விரித்தது போல ஒரே தடித்த காங்கிரீட் தளம் போடலாம். இதை ராஃப்ட் என்பார்கள். கனம் பரவலாக இறங்கும்.

ஆழமான களிமண், கரிமண், ஈயக்குட்டை, ஆழமாக நிரப்பிய மண் என்றால் பெரும்பாலும் பைலிங்தான் வழி. காங்கிரீட் தூண்களைக் கெட்டியான அடுக்கு வரை இறக்குவார்கள். ஒவ்வொரு பைலும் எவ்வளவு ஆழம் போனது, கடைசியாகச் சுத்தியல் பத்து முறை விழுந்தபோது எவ்வளவு இறங்கியது என்ற பதிவைக் கேட்டு வாங்குங்கள். சரிவான சுண்ணாம்புப் பாறையில் பைலின் முனை வழுக்கவோ உடையவோ கூடும். அங்கே பாறைக்குள் துளையிட்டு இறக்கும் சிறு விட்டப் பைல்களைப் பயன்படுத்துவார்கள். வேலை தொடங்கும் முன் அண்டை வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்தால் பின்னர் சண்டை வராது.

பக்காவ் எனும் கண்டல் மரக் கம்பங்கள் பழைய முறை. எப்போதும் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருந்தால் அவை நெடுங்காலம் கெடாது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கிவிடும். வேலிச் சுவர், வடிகால் போன்ற கனமற்ற வேலைகளுக்கு ஏற்றவை. மாடி வீட்டுக்கு அல்ல.

சமையலறையை நீட்டும்போது

தாமான் வீடுகளில் அதிகம் கேட்கும் புகார் இது: நீட்டிக் கட்டிய சமையலறை சில ஆண்டுகளில் வீட்டை விட்டுப் பிரிந்து பின்பக்கம் சாய்கிறது. காரணம் எளிது. பழைய வீடு ஆழமான பைல் மீது நிற்கிறது. புதிய பகுதி வெறும் தரை மீது நிற்கிறது. முன்னது அசையாது, பின்னது இறங்கும். வெடிப்பைச் சிமெண்டு வைத்து எத்தனை முறை பூசினாலும் மீண்டும் திறக்கும்.

புதிய பகுதிக்கும் பழைய வீட்டைப் போன்ற ஆழத்தில் அடித்தளம் போடுவது நல்லது. முடியாவிட்டால், கனம் குறைந்த கூரையும் சுவரும் வைத்து, இரண்டுக்கும் இடையே இணைப்பு இடைவெளி விட்டு, மழைநீர் புகாமல் மூடி போட வேண்டும். புதிய சுவரைப் பழைய சுவரோடு கம்பி வைத்துப் பிணைத்தால் இறங்கும் பகுதி பழையதையும் சேர்த்து இழுக்கும். இதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் தேவை.

ஏற்கெனவே வெடிப்பு இருந்தால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்தில் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். வளராத முடியளவு வெடிப்பு பெரும்பாலும் பூச்சு வெடிப்புதான்.

கோயிலும் மண்டபமும்

சிறிய கோயிலாகத் தொடங்கிய இடத்தில் பின்னர் கோபுரம் எழுப்புகிறோம். பழைய அடித்தளம் அந்தக் கனத்துக்காகப் போடப்பட்டதல்ல. கோபுரம் உயரமானது; அடியில் சிறிது இறங்கினாலும் மேலே சாய்வு பெரிதாகத் தெரியும். தெலுக் இந்தான் கோபுரம் சொல்லும் பாடமும் அதுவே. திருப்பணிக் குழுவினர் சிற்பியை ஒப்பந்தம் செய்யும் முன் மண் பரிசோதனை செய்ய வேண்டும். கலசத்துக்கு உபயதாரர் கிடைப்பது போல இதற்கும் ஓர் உபயதாரர் கிடைப்பார்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

மாவட்ட நில அலுவலகத்தில் நிலப்பட்டாவைத் தேடிப் பாருங்கள். விவசாய நிலமா, கட்டட நிலமா, தனிப் பட்டாவா, பலர் சேர்ந்த பங்கா என்பது அதில் தெரியும். வீட்டின் வரைபடத்தைப் பதிவு பெற்ற கட்டட வரைகலைஞரோ பொறியாளரோ ஊராட்சி மன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும். 2007 ஏப்ரல் முதல், வீடு முடிந்ததும் சி.சி.சி. சான்றிதழை அளிப்பவரும் அவர்தான். ஆகவே வேலையின்போது அவர் உண்மையில் வந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். குத்தகையாளர் சி.ஐ.டி.பி.யில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

மேம்பாட்டாளரிடம் வாங்கிய புதிய வீட்டுக்குச் சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதங்கள் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு அவருடையது. வெடிப்புகளைப் படம் எடுத்து, அந்தக் காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நீங்களே குத்தகையாளர் வைத்துக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு தானாக வராது. ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்கவும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

1. இந்த மனை முன்பு என்னவாக இருந்தது?
2. வெட்டிய மண்ணா, நிரப்பிய மண்ணா? எப்போது, எப்படி நிரப்பினார்கள்?
3. மழைக்குப் பிறகு தண்ணீர் எங்கே நிற்கிறது?
4. அண்டை வீடுகளில் வெடிப்பு இருக்கிறதா? அவை எந்த அடித்தளத்தில் நிற்கின்றன?
5. பின்னால் சரிவோ தடுப்புச் சுவரோ இருந்தால் அதற்கு யார் பொறுப்பு?
6. மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? இல்லையென்றால், வாங்கும் முன் செய்ய விடுவார்களா?
7. பட்டாவில் நிலத்தின் வகை என்ன?

பரிசோதனை செய்யக் கேட்டதும் விற்பவர் அவசரப்படுத்தினால், “நாளைக்கே வேறொருவர் வாங்கிவிடுவார்” என்றால், அவர் வாங்கட்டும். மனை இன்னொன்று கிடைக்கும். நாற்பது வருட உழைப்பின் சேமிப்பு இன்னொரு முறை கிடைக்காது.